165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 90 ஃபிரேமும்: பள்ளிபாளையத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணா, பழைய மானிட்டரே தேவலாம் என்று தோன்றுகிறது. இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?"

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் மார்ச் மாதக் கடைசியில் தொலைபேசியில் கேட்டார். கல்லூரி நேரம் போக, பனியன் கம்பெனிகளுக்கு டிசைன் வரைந்து கொடுத்துச் சேர்த்த பணத்தில் மானிட்டர் வாங்கியிருந்தார். 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளிகள், விஏ வகை வளைந்த திரை. பெட்டியின் மேல் 165 ஹெர்ட்ஸ் என்று, அதாவது வினாடிக்கு 165 முறை திரை படத்தைப் புதுப்பிக்கும் என்று, பெரிதாக அச்சிட்டிருந்தது. விளையாடும்போது படம் குறுக்கே கிழிகிறது, ஓட்டம் விக்குகிறது, சுட்டி கைக்கு அடங்கவில்லை என்பது அவருடைய புகார்.

ஈரோட்டில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நல்ல மானிட்டரைப் பழுதான மானிட்டர் என்று நம்பித் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. அவர்கள் கொடுத்த பணத்துக்கான பலன் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் வழியைத்தான் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த வீட்டில் பல கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றைச் சரிசெய்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. அதனால் ஒவ்வொரு முறை போனபோதும் குறித்து வைத்தேன்.

முதல் நாள்: மின்சாரத்தின் மேல் விழுந்த சந்தேகம்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. பையனுடைய அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மேசையில் கையை வைத்தால் தறியின் அதிர்வு விரலில் தெரிகிறது. அவருடைய தந்தை என்னைக் கண்டதும், "தம்பி, கரண்ட் ஏறி இறங்குவதால்தான் இப்படி ஆகிறது. ஸ்டெபிலைசர் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போயிற்று.

தறிகள் ஓடும்போது பிளக்கில் 212 வோல்ட் வந்தது. எனக்காகப் பத்து நிமிடம் தறிகளை நிறுத்தினார்கள். அப்போது 231 காட்டியது. இரண்டு நிலையிலும் ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை ஓட்டி, கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் பதிவு செய்து பார்த்தேன். இரண்டிலும் படம் அதே அளவு கிழிந்தது. யோசித்தால் இது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். அந்த அளவு ஏற்ற இறக்கத்தைக் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி உள்ளேயே சமாளித்துவிடும். அதற்கும் மீறி மின்னழுத்தம் விழுந்தால் கணினி அணைந்துபோகுமே தவிர, படம் மட்டும் அழகாகக் குறுக்கே கிழியாது. ஸ்டெபிலைசர் செலவை அன்றே தடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பின் மேம்பட்ட பகுதியைத் திறந்தேன். புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 165 என்று வாங்கிய திரை மூன்று வாரமாக 60-இல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இது அரிதான சங்கதி அல்ல. பல மானிட்டர்கள் கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 60-ஐயே முதல் விருப்பமாகச் சொல்கின்றன. விண்டோஸும் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. புதிய மானிட்டர் வாங்கிய அன்று முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பட்டியலில் 144 வரை இருந்தது, 165 இல்லை. 144-ஐத் தேர்ந்தெடுத்தேன். சுட்டி நழுவி ஓடியதைப் பார்த்ததும் பையன் முகம் மலர்ந்தது. எனக்கும் வேலை முடிந்த நிறைவு. ஆனால் 165 ஏன் பட்டியலில் இல்லை என்று அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் காவிரிப் பாலம் தாண்டி வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை: கேபிள்

மூன்று நாள் கழித்து மீண்டும் அழைப்பு. மேசைத் திரையில் எல்லாம் வழுவழுப்பாக இருக்கிறது, விளையாட்டுக்குள் போனால் கிழிவு அப்படியே இருக்கிறது என்றார்.

"அடாப்டிவ் சிங்க்கை மானிட்டர் மெனுவில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன் அண்ணா" என்று காட்டினார். கணினி படம் தரும் வேகத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வீதமும் மாறும் வசதி அது. போட்டிருந்தார், உண்மைதான். ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழி வேறு. மானிட்டரின் சொந்த மெனுவில் அந்தக் கணத்துப் புதுப்பிப்பு வீதம் ஓர் எண்ணாகத் தெரியும். விளையாட்டு ஓடும்போது ஃபிரேம் எண்ணிக்கையோடு, அதாவது கணினி வினாடிக்கு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கையோடு, சேர்ந்து அந்த எண்ணும் ஏறி இறங்கினால் அடாப்டிவ் சிங்க் உயிரோடு இருக்கிறது. இங்கே எண் 144-இல் ஆணி அடித்தாற்போல் நின்றது. படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஜி-சிங்க் என்ற பக்கமே இல்லை; என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் இந்த வசதிக்கு அதுதான் பெயர்.

காரணம், மேசைக்குப் பின்னால் தொங்கிய ஹெச்டிஎம்ஐ கேபிள். கொஞ்சம் வரலாறு தெரிந்தால் இது புரியும். என்விடியா தன் ஜி-சிங்க்கை 2013 அக்டோபரில் அறிவித்தது; அதற்கு மானிட்டருக்குள் தனிப் பலகை ஒன்று வேண்டியிருந்தது. 2014-இல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றொரு வகை இணைப்பின் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்க்கைச் சேர்த்தது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன் மேல் எழுந்தது. தனிப் பலகை இல்லாத இத்தகைய மானிட்டர்களுக்கு என்விடியா தன் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) கதவைத் திறந்தது 2019 ஜனவரியில், அதுவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. ஹெச்டிஎம்ஐ 2.1 தரத்தில் மாறும் புதுப்பிப்பு வீதம் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இந்த மானிட்டரில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 2.0. அதன் வழியாக 1440 வரிசைப் படத்துக்கு 144 ஹெர்ட்ஸ்தான் எல்லை. ஏஎம்டி கார்டாக இருந்தால் அந்தக் கம்பியிலும் ஃப்ரீசிங்க் ஓடியிருக்கலாம். பையனிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060. பட்டியலில் 165 இல்லாததற்கும் ஜி-சிங்க் பக்கம் காணாமல் போனதற்கும் காரணம் ஒன்றே.

ஈரோட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். 165 வந்தது, ஜி-சிங்க் பக்கமும் வந்தது. அந்தப் பக்கத்தில் இந்த மானிட்டர் மாதிரிக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதையும் குறியிட வேண்டும். குறியிட்டதும் மானிட்டர் மெனுவில் எண் ஆடத் தொடங்கியது.

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த தந்தை, என்ன மாறியது என்று கேட்டார். திரை ஒரு நிலையான வேகத்தில் மேலிருந்து கீழாகப் படத்தை வரைந்துகொண்டே இருக்கும், கார்டு படத்தை முடித்துவிட்டதா என்று பார்க்காது, பாதி வரைந்துகொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்து விழுந்தால் மேல் பாதி பழையதாகவும் கீழ் பாதி புதியதாகவும் தெரியும், அதுதான் கிழிவு என்றேன். இப்போது கார்டு படத்தை முடித்த பிறகே திரை வரையத் தொடங்குகிறது என்றும் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் முன்பு இருந்தது விசைத்தறி, இப்போது இருப்பது கைத்தறி" என்றார். "விசைத்தறி, நூல் கொண்டுபோகிற நாடாவுக்காகக் காத்திருக்காது தம்பி. மோட்டார் ஓடுகிற வேகத்தில் அடி விழும். எங்கள் அப்பா சென்னிமலையில் கைத்தறி நெய்தார். நாடா இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கை அடிக்கும்."

இத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கு இதையே சொல்லி வருகிறேன். அந்த உவமை இன்னொன்றையும் சொல்கிறது. கைத்தறிக்கும் வேக எல்லை உண்டு. கை எவ்வளவு விரைந்தாலும் ஓர் அளவுக்கு மேல் அடிக்க முடியாது. மீதிக் கோளாறுகளில் இரண்டு அப்படிப்பட்ட எல்லைகளில்தான் இருந்தன, ஒன்று மேல் எல்லையில், மற்றது கீழ் எல்லையில்.

மேல் எல்லை

வேலரண்ட் விளையாட்டில் இந்தக் கணினி வினாடிக்கு 200 முதல் 260 ஃபிரேம் வரை தருகிறது. திரையின் எல்லை 165. அதைத் தாண்டிய கணத்திலேயே அடாப்டிவ் சிங்க்குக்கு வேலை இல்லாமல் போகிறது, பழைய கிழிவு திரும்புகிறது. திரையின் சுற்று முடியும் வரை படத்தைக் காக்க வைக்கும் வி-சிங்க்கைப் போட்டால் கிழிவு நிற்கும். ஆனால் முடித்த படங்கள் வரிசையில் நின்று காத்திருக்கும், சுட்டியை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் நடுவே தாமதம் ஏறும். பையன் வி-சிங்க் என்ற சொல்லையே கேட்க மறுத்தார். போட்டி விளையாட்டு ஆடுகிறவர்களிடம் இந்த வெறுப்பு பொதுவானது, நியாயமானதும்கூட. ஆனால் அந்த வெறுப்பு வி-சிங்க் தனியாக இருக்கும் நிலையைப் பற்றியது.

அடாப்டிவ் சிங்க்கும் இருந்து, ஃபிரேம் எண்ணிக்கை எல்லைக்குச் சற்றுக் கீழேயே கட்டுப்பட்டிருந்தால், வி-சிங்க் யாரையும் காத்திருக்க வைப்பதில்லை. எப்போதாவது ஒரு ஃபிரேம் முந்திக்கொண்டு வந்து திரையின் அடிப்பகுதியில் சிறு கிழிவு உண்டாகப் பார்க்கும்போது அதை மட்டும் தடுக்கிறது. ஆகவே டிரைவரில் வி-சிங்க்கைப் போட்டேன், விளையாட்டுக்குள் அணைத்தேன், ஃபிரேம் வரம்பு வைத்தேன்.

எவ்வளவு கீழே? "மூன்று குறைத்தால் போதும்" என்று பலரும் சொல்வார்கள். 144-க்கு 141 என்று. இதைவிட நல்ல கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. புதுப்பிப்பு வீதத்தை அதனாலேயே பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வருவதை வீதத்திலிருந்து கழிக்க வேண்டும். 144-க்கு 138 வரும், 165-க்கு 157, 240-க்கு 224. இது எங்கிருந்தோ வந்த மந்திர எண் போலத் தோன்றும். ஆனால் மில்லி வினாடியில் மாற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது விளங்கும். 165 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 6.06 மில்லி வினாடி, 157-இல் 6.37. நடுவில் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.3. 60-க்கு இதே கணக்கு 59 தரும். அங்கேயும் இடைவெளி கிட்டத்தட்ட 0.3. எந்த வீதமானாலும் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு மூச்சு விடும் இடத்தை இந்தக் கணக்கு ஒதுக்குகிறது. வெறும் மூன்றைக் கழித்தால் 240 ஹெர்ட்ஸில் கிடைப்பது 0.05 மில்லி வினாடிதான். படம் அதற்கு மேல் ஆடும்.

வேலரண்டில், தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி இருக்கிறது. ஜி-சிங்க்கும் வி-சிங்க்கும் சேர்ந்திருக்கும்போது அதுவே இந்த இடத்தில் ஃபிரேமை நிறுத்திவிடுகிறது. நாம் கையால் எதுவும் போடாமலே எண்ணிக்கை 157 பக்கம் நின்றதைப் பார்த்துப் பையன் வியந்தார். ரிஃப்ளெக்ஸ் இல்லாத விளையாட்டுகளில் விளையாட்டின் சொந்த வரம்பே முதல் தேர்வு. தாமதம் அதில்தான் குறைவு. அது இல்லையென்றால் டிரைவரில் உள்ள வரம்பு. ஆர்டிஎஸ்எஸ் போன்ற வெளி மென்பொருள் ஃபிரேம் நேரத்தை மிகச் சீராக வைத்திருக்கும், ஆனால் சிறிது தாமதத்தைக் கூட்டும்.

"260 வருவதை 157 ஆக்கினால் எனக்கு நஷ்டம்தானே?" என்று கேட்டார். நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் 260-இல் ஓடும்போது, கிழிவோடு சேர்த்து, சில மில்லி வினாடி முன்னதாகவே தகவல் கண்ணுக்கு வரும். தொழில்முறையாகப் போட்டியிடுகிறவர் அந்தக் கிழிவைப் பொறுத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தால் நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் கார்டு 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது படங்கள் வரிசையில் தேங்கும்; அந்தத் தேக்கமே தாமதத்தைக் கூட்டும். வரம்பு வைத்தால் கார்டுக்கு ஓய்வு கிடைத்து அந்தத் தேக்கம் கரைகிறது. எனவே நஷ்டக் கணக்கு அவர் நினைத்த அளவுக்கு இல்லை.

நடுப்பகுதி: 90 என்ற எண் வந்த விதம்

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். ஜிடிஏ 5 விளையாட்டில் கார் ஓட்டும்போது கிழிவு போய்விட்டது, விக்கல் போகவில்லை. எல்லைக்குள்தான் எல்லாம் நடக்கிறது. 165-ஐத் தொடுவதே இல்லை. அப்படியிருந்தும் ஏன் விக்குகிறது?

ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் ஃபிரேம் நேரத்தைக் கோடாகத் திரையில் வரவழைத்தேன். ஒரே சாலையில் மூன்று நிமிடம் ஓட்டச் சொன்னேன், நான்கு முறை. சராசரி 104. ஊருக்கு வெளியே 131 வரை ஏறியது. மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்கள் 84 பக்கம் இருந்தன. கோடு, மழை நாளில் பவானி ஆற்று நீர்மட்டம் போல ஏறி இறங்கியது.

அடாப்டிவ் சிங்க் செய்வது ஒன்றுதான்: படம் முடிந்த கணத்தில் காட்டுகிறது. படம் 7 மில்லி வினாடியில் முடிந்து அடுத்தது 12-இல் முடிந்தால், அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே கண்ணுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். அது தறி, நூல் சீராக வர வேண்டியது வேறு வேலை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் பலரும் அடாப்டிவ் சிங்க் மேல் ஏமாற்றம் கொள்கிறார்கள்.

சராசரி 104 என்பதால் வரம்பை 104-இல் வைக்கலாம் என்றார் பையன். சராசரியில் வரம்பு வைத்தால் கிட்டத்தட்டப் பாதி நேரம் ஓட்டம் அதற்குக் கீழேதான் இருக்கும். அப்போது வரம்பு இருந்தும் பயனில்லை. வரம்பைப் பார்க்க வேண்டியது கீழேயிருந்து. கணினி எந்தச் சாலையிலும் தளராமல் தரக்கூடியது எவ்வளவு என்று கண்டு, அதை ஒட்டி நிறுத்த வேண்டும். ஒரு சதவீத எண்ணான 84-இலேயே நிறுத்திவிடலாம். ஆனால் அந்த வீழ்ச்சி நகரத்தின் நெரிசலான ஓரிரு சந்திப்புகளில் மட்டும்தான் வந்தது. அதற்காக முழுப் பயணத்தையும் கீழே இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

100, 90, 80 என மூன்றையும் டிரைவரில் வைத்துப் பார்த்தோம். எண் தெரிந்தால் கண் எண்ணைத்தான் பார்க்கும். அதனால் எண்ணிக்கையை மறைத்துவிட்டு, எது எந்த வரம்பு என்று சொல்லாமல், மூன்று சுற்று ஓட்டச் சொல்லி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு சுற்றில் 90-ஐச் சொன்னார், ஒரு சுற்றில் 100-ஐ. 90-இல் ஃபிரேம் நேரம் 11.1 மில்லி வினாடியில் கோடு கிழித்தாற்போல் ஓடியது. எண்ணைத் திறந்து காட்டியபோது அவர் நம்பவில்லை. 131 வரும் கணினியில் 90 எப்படி மேலாக இருக்கும் என்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

165-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்ணாக இல்லையே, 82.5 என்று பாதியில் வைக்க வேண்டாமா என்று அவருடைய நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிலையான வேகத்தில் ஓடும் திரைக்கு அந்தக் கவலை சரியானது. அடாப்டிவ் சிங்க் ஓடும்போது திரை ஃபிரேமின் பின்னால் வருவதால் 90, 87, 101 எதுவும் ஒன்றுதான். வகுபடுகிறதா என்று பார்க்காதீர்கள், தளராமல் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு விக்கல் மட்டும் மீதி இருந்தது. புதிய பகுதிக்குள் முதல் முறை நுழையும்போது ஒரு நொடி நின்று ஓடும். அது விளையாட்டு தரவை ஏற்றும் நேரம். எந்த ஹெர்ட்ஸும் எந்த வரம்பும் அதைத் தீர்க்காது. ஆனால் கணினியைத் திறந்தபோது ராம் ஒற்றைத் துண்டாக இருந்ததைக் கண்டேன். அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்த பிறகு 84 என்று இருந்த அடிமட்டம் சற்று உயர்ந்தது. வரம்பை 90-இலேயே விட்டோம்.

கீழ் எல்லை: இருட்டில் மினுக்கல்

கேபிள் மாற்றிய பிறகு புதிதாக ஒரு நோய் வந்தது. சைபர்பங்க் 2077 விளையாட்டில் இரவு நேரச் சந்துகளில் நடக்கும்போது திரை முழுவதும் மெல்ல மினுக்கியது, எண்ணெய் தீர்ந்த விளக்கு போல. முன்பு இல்லாதது இப்போது வந்ததால் பையன் கேபிளைச் சந்தேகப்பட்டார், தந்தை மீண்டும் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். நான் இந்த முறை மல்டிமீட்டரை எடுக்கவில்லை. மானிட்டர் மெனுவின் எண்ணைப் பார்த்தேன். அது 49-இலிருந்து 94-க்குத் தாவியது, மீண்டும் 50-க்கு விழுந்தது, மீண்டும் 92.

இந்த மானிட்டரின் அடாப்டிவ் சிங்க் எல்லை 48 முதல் 165 வரை. அந்த விளையாட்டில் அவருடைய கணினி 44 முதல் 62 ஃபிரேம் வரை தந்தது. 48-க்குக் கீழே போனதும் டிரைவர் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி, 47 ஃபிரேமை 94 ஹெர்ட்ஸாக ஓட்டுகிறது. குறை ஃபிரேம் ஈடு என்று சொல்லத்தக்க இந்த ஏற்பாட்டை ஏஎம்டி தன் ஃப்ரீசிங்க்கில் 2015-இல் கொண்டுவந்தது. மேல் எல்லை கீழ் எல்லையைவிட இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் இது நடக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 47-க்கும் 49-க்கும் நடுவே ஊசலாடும் விளையாட்டில் திரை 94-க்கும் 49-க்கும் நடுவே நொடிதோறும் தாவும்.

அதனால் ஏன் மினுக்க வேண்டும்? திரவப் படிகத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த புதுப்பிப்பு வரும் வரை தன் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காத்திருக்கும் நேரம் நீண்டால் அது சற்றே நழுவும், ஒளியின் அளவு மாறும். ஒரே வீதத்தில் ஓடினால் அந்த மாற்றமும் ஒரே அளவாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வீதம் பாதியாகவும் இரட்டிப்பாகவும் தாவினால் தெரியும், அதுவும் அடர்ந்த சாம்பல் நிறங்களில். விஏ திரைகளில் இது கூடுதல். ஓஎல்இடி திரைகளிலும் உண்டு. ஐபிஎஸ் திரைகளில் பொதுவாகக் குறைவு. இருட்டை இவ்வளவு ஆழமாகக் காட்டுவதற்காக விஏ திரையை வாங்கியவருக்கு அந்த இருட்டிலேயே இந்தத் தொல்லை வந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

மருந்து, ஃபிரேம் எண்ணிக்கையை 48 என்ற வாசற்படியிலிருந்து தள்ளி வைப்பது. நிழலின் தரத்தையும் தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியையும் ஒரு படி குறைத்தோம். குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ்ஸைத் தர (குவாலிட்டி) நிலையில் போட்டோம். ஓட்டம் 62-க்குக் கீழே இறங்காமல் வந்தது. வரம்பை 60-இல் வைத்தேன். ஆடும்போது வந்த மினுக்கல் ஓய்ந்தது. மானிட்டரின் கீழ் எல்லையையே மென்பொருளால் உயர்த்தி, இரட்டிப்பு முன்னதாகவே தொடங்கும்படி செய்கிறவர்களும் உண்டு. எண் தவறினால் திரை கறுத்துவிடும். நான் ஊர் திரும்பிய பிறகு அதைச் சமாளிக்கும் பொறுப்பைப் பையனிடம் விட எனக்கு விருப்பமில்லை, செய்யவில்லை.

அதே நாளில், புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவையும் கவனித்தேன். மெனுவில் மிக வேகம் என்ற நிலையில் இருந்தது. 157-இல் அது சரியாகத் தெரியும். 60-க்கு இறங்கினால் நகரும் உருவங்களின் பின்னால் வெளிறிய நிழல் ஒட்டிக்கொண்டு வரும். நடு நிலைக்கு மாற்றினேன். வீதத்துக்கேற்ப ஓவர்டிரைவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி இந்த மானிட்டரில் இல்லை, ஆகவே எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்பதே நல்லது.

மே மாதம் பார்த்தது

வெயில் ஏறிய பிறகு ஒருமுறை போனேன். தகரக் கூரையின் வெக்கை சுவர் தாண்டி அறைக்குள் வருகிறது. ஆர்டிஎக்ஸ் 3060-இன் மின் வரம்பு 170 வாட். ஃபிரேம் வரம்பு இல்லாமல் ஓடியபோது கார்டின் வெப்பம் 83 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆடினால் ஓட்டம் தளர்வதாக அவர் முன்பு சொன்னதற்கு அதுதான் காரணம். 157 வரம்போடு 74-இல் நின்றது. விசிறியின் இரைச்சலும் தணிந்திருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே அதைத் தந்தை கவனித்துச் சொன்னார். ஏப்ரலிலும் மேயிலும் விளையாடுகிற ஈரோடு, கரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபிரேம் வரம்பு வேறு எதற்கு இல்லாவிட்டாலும் இதற்காகவாவது வேண்டும்.

எல்டன் ரிங் விளையாட்டு கணினியில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடியே வெளிவந்தது. அடாப்டிவ் சிங்க்கோடு அது 60 ஹெர்ட்ஸில் சீராக ஓடுகிறது, மினுக்கலும் இல்லை. அதை அப்படியே விட்டோம்.

சைபர்பங்கில் ஒரு மீதி இருந்தது. வரைபடத்தைத் திறக்கும்போதும் அடுத்த பகுதி ஏறும்போதும் ஃபிரேம் எண்ணிக்கை திடீரென்று ஏறி விழுகிறது, அந்த இரண்டு நொடிகளில் திரை மினுக்குகிறது. அவருக்கு அது உறுத்தியது. எனவே அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் அடாப்டிவ் சிங்க்கை அணைத்தோம். அணைத்தால் நிலையான வேகத்துக்குத் திரும்புகிறோம், அங்கே வகுபடும் எண் முக்கியம். 165-இல் 60 சமமாக உட்காராது; சில படம் இருமுறையும் சில படம் மும்முறையும் காட்டப்படும், நடை நொண்டும். அதனால் மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, வி-சிங்க்கைப் போட்டு, வரம்பை 60-இல் வைத்தோம். ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை வருகிறது. தாமதம் சற்றுக் கூடுதல்தான். கதையோடு நடந்து போகிற விளையாட்டில் அவர் அதை உணரவில்லை. வேலரண்டுக்குப் போகும்போது 165-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஜி-சிங்க்கைத் திரும்பப் போட வேண்டும். இரண்டு நிலைகளையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்.